அண்ணன் பேரில் ஒரு வீடு

"செருப்பைக் கால்ல போடாதீங்க. கையில எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள் பாப்பா.

அவள் கணவன், வெல்டர், நிமிரவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவில் மல்லாந்து கிடந்த அவள் அண்ணனின் நெஞ்சில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். வாய்விட்டு எண்ணினான். முப்பது வந்ததும் குனிந்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினான். நிமிர்ந்தபோது அவன் மீசையில் பற்பசை நுரை ஒட்டியிருந்தது. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

"சொல்றது காதுல விழுதா? போங்க."

"நீ முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"கூப்பிட்டா வந்துடுவாங்க. வந்தா பேர் கேட்பாங்க. இந்த வீட்டுல யார் யாருன்னு கேட்பாங்க."

"கேட்கட்டும். இப்ப ஒரு தடவை மூச்சு இழுத்தாரு, பாத்தியா? கையை எடுக்கக் கூடாது."

"நான் அமுக்கறேன். தள்ளுங்க."

"உனக்குத் தெரியாது."

"உங்களைப் பார்த்தாங்கன்னா நாளைக்கு நாம தெருவுல நிக்கணும். கால்ல விழறேன், போங்க."

வெல்டர் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை எடுத்தான். சட்டையை மாட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்படிக்கட்டுக் கதவைத் திறந்து இறங்கிப் போனான்.

கீழ்வீட்டில் இருப்பவர் வீட்டுக்கார அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு குரல் கொடுத்தால் போதும், என்ன செய்ய வேண்டும் என்றாவது சொல்வார். பாப்பா குரல் கொடுக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, பின்கேட்டின் கொண்டி விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் எவ்வளவு என்று பிறகு ஒருநாளும் அவளால் தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அண்ணனின் கண் பாதி திறந்திருந்தது. கொண்டி விழுந்தது. அப்புறம்தான் எண்ணை அழுத்தினாள்.

பிறகு மண்டியிட்டு, வெல்டர் வைத்த இடத்திலேயே கையை வைத்து அமுக்கினாள். அவன் அமுக்கியபோது உள்ளே போன நெஞ்சு, அவள் கைக்கு அசையவே இல்லை.

நாற்பதைத் தாண்டியும் அவள் பாப்பாதான். அந்தப் பேரை வைத்தவன் அண்ணன். லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டுகள் அவன் கைக்கு அடங்கியவை. "என் பொழப்பே மேலயும் போகாம கீழயும் போகாம நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய இழுக்கிறதுதான்" என்பான். தங்கை விஷயத்திலும் அதைத்தான் செய்தான்.

வெல்டர் முன்பு வேலை செய்த பட்டறையில் ஒரு சண்டையில் கூட வேலை பார்த்தவனை இரும்புக் கம்பியால் அடித்தான். அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் செத்துப் போனான். ஆத்திரத்தில் ஒரே ஒரு அடி என்று வக்கீல் கோர்ட்டில் சொன்னார். இரண்டு அடி என்று வெல்டர் அவளிடம் சொன்னான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தண்டனை முடிந்து வந்தவனைக் கூட்டிக்கொண்டு அவள் வீடு தேடி அலைந்த கதையைச் சொன்னால் கேட்பவர்களுக்குக் கால் வலிக்கும். முதலில் புரோக்கர்கள். பைக்கில் முன்னால் போய், சாவியை ஆட்டிக்கொண்டே, காற்று எப்படி வருது பாருங்க, தண்ணி எப்படிக் கொட்டுது பாருங்க என்பார்கள். அடையாள அட்டை, போலீஸ் சான்றிதழ் என்று பேச்சு வந்ததும் வெல்டர் சுவரைப் பார்ப்பான். அவன் சுவரைப் பார்ப்பதை அவர்கள் பார்ப்பார்கள். அடுத்த நாள் போன் செய்தால் வீடு போயிடுச்சே என்பார்கள். போன வீட்டின் வாசலில் மாதக்கணக்கில் அதே வாடகைப் பலகை தொங்கும்.

ஒரு வீட்டில் எல்லாம் கூடி வந்தது. வயதான தம்பதி. ஜன்னலுக்குத் திரை போடக்கூட அளவெடுத்துவிட்டாள். சாவி வாங்கப் போன அன்று அந்த வீட்டு மகன் போனை எடுத்து நீட்டினான். எவனோ பத்திரிகைக்காரன் கோர்ட் வாசலில் எடுத்த பழைய படம். "இது நீங்கதானே?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

"இனிமே நானே முதல்ல சொல்லிடறேன்," என்றான் வெல்டர். அடுத்த இடத்தில் சொன்னான். அந்த வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். யோசிச்சுச் சொல்றேன்," என்றார். அவர்கள் படி இறங்கும்போது, மேலே தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. அதற்கு முன்பு அந்தக் கதவு சும்மா சாத்தித்தான் கிடந்தது.

அவள் ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு இஸ்திரி போடுகிறவள். அங்கேயே பெண்கள் அறையில் ஒரு மூலையில் படுத்தாள். அவன் புதிதாகச் சேர்ந்த பட்டறையில், ஆறிப்போன இரும்புக்கு நடுவில் படுத்தான். புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் சந்தித்துப் பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அண்ணன் சொன்னான். "ஊர்ல இருக்கிற வீட்டுக்காரனுக்கெல்லாம் வீடு இருக்கு. என் தங்கச்சி வீட்டுக்காரனுக்கு மட்டும் வீடு இல்ல. என் பேர்ல எடு. நான் குடியிருக்கிறதா இருக்கட்டும்."

"அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சாத்தானே."

அண்ணி அந்தச் சாவுக்குப் பிறகு வெல்டரின் பேரைக்கூட வாயால் சொல்வதில்லை. "அந்த ஆள்" என்பாள். பாப்பா அவனை விட்டுவிட்டுத் தனியாக ஒரு வீட்டில் இருப்பதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவிடம் வேறு கதை. லிப்ட் மெக்கானிக் வெளியூர் வேலைக்காரர், அடிக்கடி இருக்க மாட்டார், தங்கை வீட்டைப் பார்த்துக்கொள்வாள். வெல்டர் இருட்டில் பின்படியில் ஏறி, விடிவதற்குள் பின்படியில் இறங்கினான். விடுமுறை நாளில் உள்ளேயே இருந்தான். ஜன்னலருகே போகமாட்டான். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

விடுமுறை நாட்களில் அண்ணன் வந்து தலையைக் காட்டுவான். அவன் தலையைக் காட்டும் விதமே தனி. வந்ததும் சட்டையைக் கழற்றிப் பனியனோடு, வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பால்கனியில் போய் நிற்பான். இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி சோம்பல் முறிப்பான். கீழே செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வீட்டுக்கார அம்மாவுக்கு நுரை வாயோடு ஒரு கும்பிடு போடுவான். உள்ளே வந்து, "காலையில வீட்டுல ஒரு தடவை, இங்க ஒரு தடவை. உங்களால என் பல்லு தேயுது மாப்பிள்ளை," என்பான். வெல்டர் சிரிப்பான். அந்த வீட்டில் அவன் சத்தமாகச் சிரிப்பது அப்போது மட்டும்தான்.

அன்றும் அப்படித்தான் நின்றான். கும்பிடு போட்டான். திரும்பி நடந்து வரும்போது, யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தான். அப்படியே விழுந்தான்.

ஆம்புலன்ஸில் வந்தவன் முதலில் வாயைத்தான் பார்த்தான். "என்ன குடிச்சாரு?"

"ஒண்ணும் குடிக்கலைங்க. பல் விளக்கிட்டிருந்தாரு."

அவன் நுரையை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் வெகுநேரம் காக்க வைக்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் இளம்பெண். வரும்போதே போயிடுச்சு என்றாள். "நெஞ்சை அமுக்கினது யாரு?"

"நான்தான்."

"விலா எலும்பு ரெண்டு முறிஞ்சிருக்கு. தப்பில்ல, சரியா அமுக்கினா அப்படித்தான் ஆகும். ஆனா அதுக்கு நல்ல பலம் வேணும்." டாக்டரின் பார்வை பாப்பாவின் மணிக்கட்டில் வந்து நின்றது. பாப்பா கைகளைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

வீட்டில் விழுந்து இறந்ததால் ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்தார். சலிப்பாகத்தான் கேட்டார். யார் வீடு, இறந்தவருக்கு அவள் என்ன உறவு, அந்த நேரத்தில் வீட்டில் வேறு யார்.

"வேற யாரும் இல்லைங்க."

"யாருமே இல்ல?"

"நானும் அண்ணனும்தான்."

சொல்லி முடித்ததும், தரையில் கிடந்த அண்ணனை அவளே இன்னொரு தடவை தனியாக விட்டுவிட்டு வந்தது போல இருந்தது.

அண்ணி வந்தாள். அழவில்லை. முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்து, கடைவாயில் காய்ந்திருந்த வெள்ளையைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள்.

"இது என்ன?"

"பற்பசை, அண்ணி. பல் விளக்கிட்டிருந்தப்பதான்..."

"வீட்டுலயே விளக்கிட்டுத்தானே போனாரு? ஓவர்டைம் இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. உன் வீட்டுக்கு எதுக்கு வந்தாரு?"

"குழாய் ஒழுகுதுன்னு நான்தான் கூப்பிட்டேன்."

"குழாய் பார்க்க வந்தவர் பல் ஏன் விளக்கினாரு?"

அண்ணி கைக்குட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

மறுநாள் அண்ணன் வீட்டு முன்னறையில் நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் தள்ளி, நடுவில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். லிப்ட் கம்பெனி ஆட்கள் சீருடையோடு வந்து தலைமாட்டில் வரிசையாக நின்றார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் சும்மா நிற்பது பழக்கமில்லாததால் ஒருவர் மாற்றி ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார்கள். அண்ணி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பாப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெல்டர் வரக் கூடாது. வந்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. வராமலே இருந்துவிடுவானோ என்றும் இருந்தது. முந்தின நாள் போனதிலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை. அவளும் செய்யவில்லை.

வாசலில் வந்து நின்றது வீட்டுக்கார அம்மா. கைத்தடியை ஊன்றி, மூச்சு வாங்க உள்ளே வந்தார். பாப்பா எழுந்து குறுக்கே போவதற்குள் அவர் நேராக அண்ணியிடம் போய்விட்டார்.

"நீங்கதான் அவர் சம்சாரமா? அவருக்குக் கல்யாணமானதே எனக்குத் தெரியாதும்மா. தங்கமான மனுஷன். என் வீட்டுல குடியிருந்தவங்கள்ல இவர் மாதிரி யாரும் இல்ல."

அண்ணி தலையைத் தூக்கினாள். "உங்க வீட்டுலயா?"

"மேல் வீட்டுல. அவர் பேர்லதானே அக்ரிமெண்ட்."

கம்பெனி ஆட்கள் நால்வரும் இப்போது ஒரே இடத்தைப் பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மா எதையோ மிதித்துவிட்டவர் போலப் பாப்பா பக்கம் திரும்பினார். அண்ணி எழுந்தாள். பாப்பாவின் கையைப் பிடித்து, சமையலறையைத் தாண்டித் துணி துவைக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"யாரு அவ?"

"அண்ணி..."

"எனக்குத் தெரியாம இன்னொரு வீடு. அங்க போய் பல் விளக்குறாரு. ராத்திரி தங்கினவன்தானே காலையில பல் விளக்குவான்? அது உன் வீடுன்னு பொய் சொல்லியிருக்க, நீயும் உடந்தை. சொல்லு, யாரு அவ?"

முன்னறையில் யாரோ ஒரு பெண் பெரிதாக அழுவது கேட்டது. அண்ணனை இன்னும் எடுக்கவில்லை. இப்படி ஒரு பேரோடு அவனை அனுப்ப முடியாது என்று பாப்பாவுக்குத் தோன்றியது.

"யாரும் இல்ல அண்ணி. சத்தியமா யாரும் இல்ல. நான்தான். எங்களுக்கு யாரும் வீடு குடுக்கல. அண்ணன் அவர் பேர்ல எடுத்துக் குடுத்தாரு. குடியிருக்கிற மாதிரி காட்டத்தான் வந்து வந்து பல் விளக்குவாரு."

"எங்களுக்குன்னா?"

பாப்பா தரையைப் பார்த்தாள்.

"அந்த ஆளா? அந்த ஆள் உன்கூடத்தான் இருக்கானா?"

"ம்."

அண்ணி சலவை மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அது வந்ததைப் பாப்பா கண்ணால் பார்த்தாள். அடுத்த நொடியே அது போய்விட்டது.

"இவர் விழுந்தப்ப அவன் அங்க இருந்தானா?"

சலவை மெஷினுக்குள் அண்ணனின் வேலைச் சட்டை துவைத்துப் பிழிந்தபடி கிடந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பாப்பா அதையே பார்த்தாள்.

"இல்ல அண்ணி. வெளிய போயிருந்தாரு."

அண்ணி நீளமாக மூச்சு விட்டாள்.

"நல்லவேளை," என்றாள். "அந்தக் கை இவர் மேல படலயே. அதுவே போதும்."

அண்ணி முகத்தைக் கழுவிக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்கார அம்மாவிடம் போய், "என் நாத்தனாருக்காக எடுத்த வீடும்மா, என்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தாரு," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அதற்கப்புறம்தான் கால்மாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அண்ணனை ஏற்றிப் போன வண்டி தெருமுனையில் திரும்பும்போது பாப்பா வெல்டரைப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். தோய்த்த சட்டை போட்டு, தலை வாரியிருந்தான். ஒரு பஸ் வந்து நின்று அவனை மறைத்தது. அது போனபோது, நிழற்குடையின் கீழ் அவன் மட்டும் தனியாக நின்றான். வண்டிக்குள் இருந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் வந்தான். இருட்டும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அவள் தட்டு வைத்தாள். சாப்பிட்டான். அவன் கேட்பான் என்று அவள் நினைத்ததைக் கேட்கவில்லை. கை கழுவும்போது மட்டும் குழாயைப் பார்த்துச் சொன்னான்.

"ஜெயில் ஆஸ்பத்திரி வார்டுல கத்துக் குடுத்தாங்க. ஆள் வந்து மாத்துற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு."

"ம்."

"அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க."

அவள் விளக்கைப் போட எழுந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவில் இருந்த அந்த இடத்தை இருவரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். யார் முதலில் அப்படி நடக்க ஆரம்பித்தது என்று தெரியாது.

அக்ரிமெண்ட்காரரே போய்விட்டதால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்கார அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பாப்பா மறுபடியும் புரோக்கர்களுக்குப் போன் செய்தாள். சிலர் அவள் குரலைக் கேட்டே அடையாளம் கண்டுகொண்டார்கள். அண்ணி ஒருநாள் கூப்பிட்டாள். "இங்க ஒரு அறை சும்மாதான் கிடக்கு. நீ வந்து இரு," என்றாள். கொஞ்சம் விட்டு, "நீ மட்டும்," என்றாள்.

மேல் வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வரும்போதெல்லாம் வெல்டர் பட்டறையில் இருப்பான், பாப்பா கதவைத் திறந்து ஒதுங்கி நிற்பாள். ஒரு புதுத் தம்பதி வந்து குழாயைத் திறந்து பார்த்தார்கள். அலமாரியைத் தட்டிப் பார்த்தார்கள். பிடித்திருந்தது. அந்தப் பெண் சரியாக அந்த இடத்தில் நின்றுகொண்டு, "இங்க யாரோ இறந்துட்டாங்கன்னு எதிர்க்கடையில சொன்னாங்களே, எந்த இடத்துல?" என்று கேட்டாள். பாப்பா அவள் காலைப் பார்த்தாள். அந்தப் பெண் துள்ளி நகர்ந்தாள். அவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவர்கள் படியேறும்போதே கேட்டுவிட்டு, பாதிப் படியிலிருந்து இறங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

ஒரு மத்தியானம் வீட்டுக்கார அம்மா அவளைக் கீழே கூப்பிட்டார். அறையில் மருந்து வாசனை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கைத்தடி மடியில் கிடந்தது.

"உட்காரு. அன்னைக்கு மேல யாரோ எண்ணிக்கிட்டிருந்தாங்க."

பாப்பா உட்காரவில்லை.

"முப்பது வரைக்கும் எண்ணி மறுபடி ஒண்ணுலேர்ந்து. வாழ்க்கை பூரா நான் எண்ணின எண்ணிக்கை, எனக்குத் தெரியாதா? இந்தக் கட்டிலுக்கு நேர் மேல. ஆம்பளைக் குரல். யாராவது கூப்பிடுவாங்கன்னு கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னேன். என் முட்டிக்கு மாடி ஏற முடியாது. அங்கேர்ந்து கத்தியாவது சொல்லலாமேன்னு நின்னேன். யாரும் கூப்பிடல. அப்புறம் எண்ணிக்கை நின்னுடுச்சு. பின்கேட்டு திறந்துச்சு. யாரு அது?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ மாதிரி சொன்னவள், அன்று சுருக்கமாகச் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர்."

"என் தலைக்கு மேல ரெண்டு ஜோடிக் கால் நடக்கிறது ரொம்ப நாளாவே தெரியும். யாரோன்னு இருந்தேன். எதுக்கு ஒளிஞ்சு இருக்காரு?"

"ஜெயில்ல இருந்தவர்."

"திருட்டா?"

"இல்ல. ஒருத்தரை அடிச்சுட்டாரு."

"செத்துட்டானா?"

"ம்."

வீட்டுக்கார அம்மா கைத்தடியைக் கட்டில் சட்டத்தில் சாய்த்து வைத்தார். அது வழுக்கி விழப் பார்த்தது. பிடித்து மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்.

"எண்ணிக்கை ஒரு இடத்துலகூடத் தப்பல," என்றார். பிறகு குரலை இறக்கினார். "ஒண்ணு கேட்கறேன். அவர் நிறுத்தினப்ப உங்க அண்ணனுக்கு உயிர் இருந்துச்சா?"

பாப்பாவின் உதடு அசைந்தது.

"வேண்டாம், சொல்லாதே," என்று கையை உயர்த்தினார் வீட்டுக்கார அம்மா. "நீ சொன்னா அப்புறம் நானும் என்ன செய்யணும்னு யோசிக்கணும். எனக்கு வயசாயிடுச்சு."

மேலே காலி வீடு வைத்துக்கொண்டு தனியாகக் கிடக்கப் பயமாக இருக்கிறது என்றார். இனி அந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்றார். அக்ரிமெண்டை அவள் வீட்டுக்காரர் தன் பேரிலேயே எழுதிக்கொள்ளட்டும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை, முன்வாசல் வழியாகவே வந்து போகட்டும் என்றார். பாப்பா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எத்தனையோ வாசல்களில் ஏங்கி நின்ற வார்த்தை இப்போது அவள் காதில் விழுந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் வீட்டுக்கார அம்மா. "எனக்கு ராப்பகல்னு பார்க்காம உதவி வேண்டியிருக்கும். எழுந்திருக்க, உட்கார. பலமுள்ள கை வேணும். வேணும்கிறப்ப இந்தத் தடியால மேல தட்டுவேன். உங்க வீட்டுக்காரரை அனுப்பு. உன்னை இல்ல."

வெல்டரிடம் சொன்னாள். "அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியுமா?" என்றான்.

"உங்களைப் பத்தித் தெரியும்."

"உன்னைப் பத்தி?"

அவள் மடித்த துணியையே மறுபடியும் மடித்தாள்.

அவன் தன் பேரில் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் தாளில் ஊன்றியவன், ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி எழுதினான். வீட்டுக்கார அம்மா இன்னொரு சாவியைக் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில், பொழுது சாயும் நேரம். இருவரும் சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியில் பிள்ளைகள் விளையாடும் கூச்சல் கேட்டது. வெல்டர் ஏதோ பட்டறைக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். பாப்பா பாதி கேட்டபடி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

தரைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. தட், தட். சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவில்.

வெல்டர் பேச்சை நிறுத்தினான். கையைக் கழுவிக்கொண்டு, துண்டில் துடைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கிப் போனான்.

பாப்பா அவன் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். கீழே கதவு திறந்தது. பேச்சுக்குரல் ஏதும் வரவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் காலை மடக்கி உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, அடுத்த சத்தம் வருமா என்று காத்திருந்தாள்.